நிலக்கரி தொடாத கம்பி

ஒன்றிலிருந்து ஒரே மூச்சில் எத்தனை வரை சத்தமாக எண்ண முடிகிறது என்று பார்த்தால் போதும், ஒருவருடைய நுரையீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். மெஷின் வேண்டாம், கரண்டு வேண்டாம். நெஞ்சு நோய் வார்டில் நர்ஸாக இருபத்தாறு வருடம் இதைத்தான் செய்தேன். ஓய்வு பெற்ற பிறகும் நந்திதுர்க் லைனில், சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மூச்சிரைப்போடு உட்கார்ந்திருந்தவர்களைப் போய்ப் பார்த்துவந்தேன். 1999 ஜூன் மாதம் பர்னபாஸ் இருபத்து மூன்று வரை எண்ணினார். நல்ல நெஞ்சுள்ள ஆள் நாற்பதைச் சாதாரணமாகத் தாண்டுவான். இருபத்து மூன்று என்றால் கடைக்கு மெதுவாக நடந்துபோய் வரலாம். சுமை தூக்கக் கூடாது. புகை கூடவே கூடாது.

அதை அவரிடம் சொன்னேன். அவர் மனைவி பிலோமினாவிடமும் சொன்னேன். அடுத்த வாரம் போனபோது வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் அவர் முழங்கால் வரை செம்மண் பூசிக்கொண்டு மண் மிதித்துக்கொண்டிருந்தார். இரும்பு காய்ச்ச உலை கட்டப்போகிறாராம்.

"கேளுங்க சிஸ்டர், நல்லா கேளுங்க," என்றாள் பிலோமினா. "நீங்க புகை கூடாதுன்னு சொன்னீங்க. அவரு புகைக்கே வூடு கட்டிக்கினு கீறாரு."

பர்னபாஸின் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கச் சுரங்கத்துக்கு வந்தவர். பர்னபாஸ் பதினெட்டு வயதில் ஷாஃப்டில் இறங்கினார். பாறையைத் துளைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் பதினான்கு வருடம் நின்றார். எக்ஸ்ரேயில் நெஞ்சு முழுக்க மணல் தூவியது போல் தெரிந்ததும் மேலே டிரில் ஷாப்புக்கு மாற்றினார்கள். பாறையில் மழுங்கிப்போன துளைக்கம்பிகளைச் சிவக்கக் காய்ச்சி, அடித்து, மறுபடி முனை வைத்து, தண்ணீரில் தோய்த்துக் கீழே அனுப்புவது அங்கே வேலை. கம்பி எந்தச் சிவப்பில் இருக்கும்போது அடிக்க வேண்டும், எந்த நிறத்துக்கு இறங்கும்போது தண்ணீரில் விட வேண்டும் என்பதெல்லாம் கண்ணால்தான். அதில் அவர் கெட்டிக்காரர். ஆறு பேருக்கு மேஸ்திரி ஆனார். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வந்த காலம் அது. 1998-இல் துளைக்கம்பி கேட்க ஆளில்லாமல் போய், ஏழு பேரும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தார்கள். அவருக்கு அப்போது ஐம்பத்தொரு வயது.

இந்த உலை யோசனையைக் கொண்டுவந்தவன் உதய். பெங்களூரில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் உலோகம் பற்றிப் பாடம் நடத்துகிறவன். அப்பா இங்கே கனரகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்தக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பையன். என் கடைசி மகன் வயது, அதனால் அவன் என்றே எழுதுகிறேன். நிலக்கரியே இல்லாமல் எஃகு செய்து காட்ட வேண்டும் என்பது அவனுடைய ஆராய்ச்சி. உலகம் முழுக்க எஃகு ஆலைகள் விடும் நிலக்கரிப் புகையால் பூமி சூடாகிறது என்று பர்னபாஸிடம் விளக்கினான்.

"பூமி சூடாவுதுன்னு யாருகிட்ட வந்து சொல்றீங்க சார்?" என்றார் பர்னபாஸ். "எட்டாயிரம் அடி கீழ போயி பாறைல கை வச்சிப் பார்த்தவங்க நாங்க. அங்க ஆம்லெட்டே போடலாம்."

"அது வேற சூடு மேஸ்திரி."

"சூட்டுல இன்னா சார் வேற?"

உதய் சிரித்துவிட்டு விடாமல் சொன்னான். எஃகுக்கு நிலக்கரி வெறும் நெருப்புக்காக மட்டும் இல்லை. இரும்புக்கல்லில் இரும்பும் ஆக்சிஜனும் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நடுவில் புகுந்து பிரித்துவிட ஒன்று வேண்டும். நிலக்கரியிலிருந்து எடுக்கும் கோக்தான் எல்லா ஆலையிலும் அந்த வேலையைச் செய்கிறது.

"மாமியார்னு சொல்லுங்க," என்றான் தங்கவேலு. டிரில் ஷாப்பில் பர்னபாஸுக்குச் சம்மட்டி அடித்தவன் அவன். ஏழு பேரில் இளையவன்.

"மாமியாரேதான். நமக்கு வேற மாமியார் வேணும். மரக்கரி. மரம் வெட்டினா மறுபடி வளரும், விட்ட புகையை அதுவே இழுத்துக்கும்."

மரக்கரிக்கு இன்னொரு நன்மையும் உண்டு என்றான். நிலக்கரியில் கந்தகம் இருக்கும். அது எஃகைக் கெடுக்கும். மரக்கரியில் அந்தத் தொல்லை இல்லை.

அவன் சொன்ன ஏற்பாடு இது. 2001 ஜனவரிக்குள் பன்னிரண்டு கம்பிகள். சிவக்கக் காய்ச்சித் தட்டையாக அடித்தாலும் வெடிக்கக் கூடாது, ஆறிய பின் இரண்டாக வளைத்தாலும் முறியக் கூடாது. பெங்களூரிலிருந்து ஒரு கமிட்டி வந்து பார்க்கும். கம்பி தாங்கினால் இங்கேயே ஒரு சின்ன ஆலைக்கு அவர்கள் சிபாரிசு செய்வார்கள். டிரில் ஷாப் ஆட்கள் ஏழு பேருக்கும் அதில் வேலை.

பர்னபாஸ் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். ஆறு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். தங்கவேலுவுக்கு அப்போது பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை தயாராக இருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

"சம்மட்டி புடிச்ச கையில விசில் புடிப்பியாடா?" என்று கேட்டார் பர்னபாஸ்.

"பசிக்கும்போது எதைப் புடிச்சா இன்னாணா?"

"ஒண்ணரை வருசம். என் பேச்சை நம்பு. இந்த ஊர்லயே உனக்கு வேலை. நான் சொல்றேன்."

தங்கவேலு போகவில்லை. மற்ற ஐந்து பேரும் போகவில்லை. சந்தையில் மூட்டை தூக்கினார்கள், கிடைத்த கூலிக்குப் போனார்கள், உலை எரியும் நாளில் வந்து நின்றார்கள். அந்த ஒரு நாளில் பர்னபாஸ் கொடுத்த வார்த்தைதான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

உலை நெஞ்சளவு உயரம். மேலே வாய், கீழே காற்று ஊதும் குழாய். ஒரு கூடை கரி, ஒரு சட்டி இரும்புக்கல் பொடி, மறுபடி கரி, மறுபடி கல் என்று எட்டு மணி நேரம் போட வேண்டும். கல்லை உதய் சாக்கில் கொண்டுவந்தான். கடைசியில் அடியை உடைத்தால் பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டி கிடைக்கும். அதைக் காய்ச்சிக் காய்ச்சி அடித்து, அழுக்கெல்லாம் பிதுங்கி வெளியேறிய பிறகுதான் கம்பி.

முதல் தடவை மின்சார ஊதுகாற்றாடி வைத்தார்கள். ஐந்தாவது மணி நேரத்தில் கரண்டு போனது. உள்ளே கல்லும் கரியும் இரும்பும் ஒன்றாக உறைந்து, உலையையே உடைக்க வேண்டியதாகிவிட்டது.

"பெங்களூருக்கு முன்னாடியே நம்ம ஊருக்குத்தான் கரண்டு வந்துச்சாம்," என்றான் தங்கவேலு. "முன்னாடியே வந்ததால முன்னாடியே போயிடுது."

பிறகு பழைய இரும்புக் கடையில் கையால் சுற்றும் காற்றாடி ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். ஆறு பேரும் மாற்றி மாற்றிச் சுற்றினார்கள். பர்னபாஸ் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். புகை வராத பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு, ஈரத்துண்டை மூக்கோடு கட்டி உட்காரவைத்துவிட்டு வருவேன். திரும்பிப் பார்த்தால் ஸ்டூலில் துண்டு மட்டும் இருக்கும். ஆள் உலை வாயில் தலையை நீட்டிக்கொண்டு தீயின் நிறம் பார்த்துக்கொண்டிருப்பார்.

"பர்னபாஸ், உங்களுக்குக் காது கேக்குதா இல்லையா?"

"கேக்குது சிஸ்டர். மூச்சை சேத்து வச்சி இன்னா பண்ணப் போறேன்?"

"மூச்சு விடப் போறீங்க. வேற எதுக்கு?"

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பதினேழு வரை எண்ணினார்.

கரி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் முட்டுக் கொடுத்திருக்கும் மரங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பழசை மாற்றும்போது அறுத்துப்போடும் துண்டுகளில் ஷிப்ட் முடிந்து மேலே வரும் ஆள் ஒரு கட்டையைத் தோளில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மூன்று தலைமுறையாக இந்த ஊர் அடுப்புகள் எரிந்தது அதில்தான். சுரங்கக் கட்டைக்கு இங்கே தனி மரியாதை. பூமிக்குள் முப்பது வருடம் பாறையைத் தாங்கிய மரம், அதைப் போல் நின்று எரியும் விறகு உண்டா என்பார்கள். சுரங்கங்கள் மூடிவந்த வருடங்களில் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் அந்தக் கட்டைகள் குவிந்து கிடந்தன. நல்ல எஃகுக்கு நல்ல கட்டை என்று பர்னபாஸ் லைன் லைனாகக் கேட்டு வாங்கிச் சேர்த்தார். அதைக் குழியில் மூடிப் புகையவிட்டுக் கரியாக்கினார். உதய்க்கு மரக்கரி என்று மட்டும் தெரியும். எந்த மரம் என்று அவன் கேட்கவில்லை. இவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

கைக்காற்றாடி வந்த பிறகு, அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஒன்பது தடவை உலை எரிந்தது. ஒன்பது தடவையும் கட்டி கிடைத்தது. ஒன்பது தடவையும், சிவக்கக் காய்ச்சி அடித்த மூன்றாம் நான்காம் அடியில் பிஸ்கட் போல விண்டுபோனது. சூடு அதிகம் என்று குறைத்தார். சூடு குறைவு என்று கூட்டினார். தங்கவேலுவின் அடி சரியில்லை என்று திட்டிவிட்டுத் தானே சம்மட்டியை எடுத்து, இரண்டு அடியில் மூச்சு முட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு நாள் காலையில் அவரே என் வீட்டுக்கு நடந்து வந்தார். அந்தத் தூரத்துக்கு அரை மணி ஆகியிருக்கும்.

"சிஸ்டர், என் கண்ணைப் பாருங்க."

"என்ன கண்ணுல?"

"போயிடுச்சி. சிவப்பு தெரியல. பத்தொம்பது வருசம் நிறம் பார்த்தவன், இப்ப எது சிவப்பு எது மஞ்சள்னு தப்பாப் பாக்கறேன். இல்லன்னா கம்பி ஏன் உடையுது?"

ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்தேன். பேப்பரைப் படிக்கச் சொன்னேன். என் பெட்டியிலிருந்த நூல்கண்டுகளில் நிறம் கேட்டேன். சிவப்பில் நான்கு வகை இருந்தது. நான்கையும் பிரித்து வைத்தார். கண்ணில் ஒன்றுமில்லை என்றேன். அவர் சமாதானமாகவில்லை. கண் போயிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும், ஏனென்றாவது தெரிந்திருக்கும்.

உடைந்த துண்டுகளை உதய் பெங்களூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தான். மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் கொட்டகையில் இருந்தபோது ஒரு காகிதத்தோடு வந்தான். உட்காரவில்லை.

"கம்பியில கந்தகம் இருக்கு. நிறைய. அதனாலதான் சூட்டுல உடையுது. உங்க அடியிலயும் தப்பில்ல, கண்ணுலயும் தப்பில்ல."

பர்னபாஸ் நிமிர்ந்தார். ஆனால் உதய் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"கல்லுல கந்தகம் இல்ல, நான் பார்த்துட்டேன். மரக்கரியில இருக்காது. நிலக்கரியிலதான் இருக்கும்." கொஞ்சம் நிறுத்தினான். "மேஸ்திரி, தப்பா எடுத்துக்காதீங்க. டிரில் ஷாப்ல மிச்சமிருந்த கோக் எதுனா சேத்தீங்களா? சூடு பத்தலைன்னு?"

தங்கவேலுதான் முதலில் எழுந்தான். "இன்னா சார் சொல்ல வர்றே? எங்கண்ணன் திருட்டுத்தனம் பண்ணாருன்றியா?"

"நான் கேக்கறேன், அவ்வளவுதான்."

"கேக்கறதுக்கு ஒரு இது இல்ல? நெஞ்சு கிழிய ஒக்காந்துக்கினு கீறாரு, அவரைப் பார்த்து..."

பர்னபாஸ் கையைத் தூக்கி அவனை அமர்த்தினார். பதில் சொல்லத்தான் எழுந்தார். வாயைத் திறந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. குனியவைத்து, முழங்காலில் கை ஊன்றவைத்து, முதுகைத் தட்டினேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. முகம் நீலம் பாய்ந்து தெளிந்தது. அதற்கப்புறம் அவர் திரும்பிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். திருடன் என்று சொல்லிவிட்டவனிடம் இல்லை என்று சொல்வது அவருக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும்.

பிலோமினா சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் ஒரு ஜெபமாலையோடு வந்து உதய் முன்னால் நீட்டினாள். கரிக்கட்டையில் செய்தது போல் இருந்தது.

"இது இன்னா கலர் சார்?"

"கறுப்பு."

"வெள்ளி. எங்கம்மா கல்யாணத்துக்குப் போட்டது. அடுப்புக்கு மேல ஆணில மாட்டி வச்சிருக்கேன். சாம்பல் போட்டுத் தேய்ச்சா வெளுக்கும், பத்து நாள்ல மறுபடி கறுக்கும். இந்த லைன்ல எந்தப் பொம்பளைய வேணாலும் கேளுங்க. சொரங்கக் கட்டை எரிக்கிற வூட்ல வெள்ளி நிக்காது. கேஸ் வச்சிக்கிற வூட்ல இப்படி ஆவறதில்ல. எரியும்போது தீக்குச்சி நாத்தம் அடிக்கும். நீங்க சொல்ற கந்தகம் இதுதானா பாருங்க."

உதய் கொல்லைக்குப் போய் அடுக்கியிருந்த கட்டைகளைப் பார்த்தான். வெட்டுவாயில் உப்புப் பூத்தது போல வெள்ளையாக இருந்ததை நகத்தால் சுரண்டினான். பாறையிலிருந்து கசியும் தண்ணீரில் முப்பது வருடம் ஊறிய மரம். பாறையிலிருந்த கந்தகமெல்லாம் அந்தத் தண்ணீர் வழியாக மரத்துக்குள் இறங்கியிருக்கிறது. மரத்திலிருந்து கரிக்கு, கரியிலிருந்து கம்பிக்கு. வெறும் வேலிக் கருவேலத்தை வெட்டி எரித்திருந்தால்கூடக் கம்பி நின்றிருக்கும்.

உதய் திரும்பி வந்து பர்னபாஸின் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் அவனைப் பார்க்கவில்லை. பிலோமினாவைப் பார்த்தார்.

"தெரிஞ்சிக்கினே இருந்தியா? சொல்றதுக்கு இன்னாடி?"

"இரும்பைப் பத்தி என்னைக் கேட்டீங்களா? இன்னாத்தைப் பத்தி என்னைக் கேட்டுக் கீறீங்க?"

அன்று அவரை எண்ணச் சொன்னேன். பன்னிரண்டு. ஆறு மாதப் புகை, ஒன்பது உலை, எல்லாம் வேண்டாத புகை. நான் பிலோமினாவைத் தனியாகக் கூப்பிட்டு, இதோடு நிறுத்தினால் மூன்று நான்கு வருடம் இருப்பார், தொடர்ந்தால் இருக்க மாட்டார் என்று சொன்னேன். அவரிடமும் அதையே, அதே வார்த்தையில் சொன்னேன். நோயாளிக்குத் தெரியாமல் மறைக்கும் வழக்கம் எனக்கு இல்லை.

"ஒன்பது மாசம் கீது சிஸ்டர்," என்றார். "தங்கவேலு அந்த வேலைய விட்டுட்டு ஒக்காந்துக்கினு கீறான். நான் சொல்லித்தான்."

நல்ல கரிக்கு உதய் ஏற்பாடு செய்தான். பங்காருபேட்டைக்கு அப்பால் கங்கம்மா என்ற விதவை நீலகிரி என்கிற தைலமரத் தோப்பு வைத்திருந்தாள். அந்தப் பக்கம் ராகி போட்ட நிலமெல்லாம் அப்போது நீலகிரிதான். அவள் தோப்பை வெட்டி, அங்கேயே சூளை வைத்துக் கரியாக்கி வண்டியில் அனுப்பினாள். ஜூலையில் முதல் கம்பி நின்றது. சிவக்கக் காய்ச்சித் தங்கவேலு அடிக்க, அது மாவு மாதிரி படிந்து கொடுத்தது. பத்து அடி, இருபது அடி. விள்ளவில்லை. பர்னபாஸ் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, போதும்டா, போதும்டா என்று கையை ஆட்டினார். அன்றைக்கு மட்டும் அவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. பலமில்லை.

டிசம்பருக்குள் பன்னிரண்டு கம்பிகள் ஆயின. அப்போது எட்டு வரை எண்ணினார். இரவில் படுக்க முடியாது. மூன்று தலையணை முதுகுக்கு. குளிப்பாட்டிவிட வேண்டும். கஞ்சியைக்கூட நிறுத்தி நிறுத்தித்தான் குடித்தார்.

ஜனவரியில் கமிட்டி வந்தது. மூன்று பேர். மரியாதையான ஆட்கள், ஒன்றும் குறை சொல்ல முடியாது. கம்பியை ஆறவைத்து இரண்டாக வளைத்தார்கள். வளைந்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. ஆறு பேரும் கை தட்டினார்கள். கமிட்டியில் பெரியவர் எழுந்து வந்து பர்னபாஸின் கையைக் குலுக்கி, இவ்வளவு சுத்தமான இரும்பைத் தான் ஆலைகளில் பார்த்ததில்லை என்றார். பொய்யில்லை. அப்புறம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு கிலோ கம்பிக்கு எவ்வளவு கரி ஆச்சு?"

உதய் நோட்டைப் பார்க்காமலே சொன்னான். "பன்னிரண்டு கிலோ சார். திரும்பத் திரும்பக் காய்ச்சறதையும் சேத்து."

"ஒரு கிலோ கரிக்கு?"

"அஞ்சு கிலோ மரம்."

கரி கொண்டுவந்த கங்கம்மாவும் பார்ப்பதற்காக வந்து வாசலில் நின்றிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பினார். "தோப்பை மறுபடி எப்போம்மா வெட்டலாம்?"

"ஆறு வருசம் ஆவும் சாமி."

"பக்கத்துத் தோப்பு?"

"ஆகல்ல," முடியாது என்று கன்னடத்தில் ஒரே வார்த்தை சொன்னாள். பிறகு தமிழில்: "கெணறெல்லாம் வத்திப் போச்சி. இந்த மரம் தண்ணிய உறிஞ்சிடுதுன்னு ஊர்ல சண்டை. இனிமே யாரும் நட மாட்டாங்க."

பெரியவர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டு உதயிடம் நீட்டினார். ஏழு பேருக்கு வேலை தரும் மிகச் சின்ன ஆலை என்றால்கூட நாளுக்கு ஒரு டன் எஃகாவது வர வேண்டும். இந்த உலையில் அதற்கு நாளுக்கு இரண்டு ஏக்கர் தோப்பை வெட்ட வேண்டும். நல்ல உலையாகக் கட்டிக் கரியைக் கால் பங்காகக் குறைத்தாலும் இரண்டு நாளைக்கு ஒரு ஏக்கர். ஆறு வருடம் சுழன்று வர ஆயிரம் ஏக்கருக்கு மேல். ஒரு டன்னுக்கு இது. நாட்டில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் டன் தேவை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இல்லை.

"மரம் வேணாம் சார், கரண்டுல உருக்கலாமே?" என்று கேட்டான் தங்கவேலு.

உதய்தான் பதில் சொன்னான். "பழைய இரும்பை கரண்டுல உருக்கலாம் தங்கவேலு. கல்லுலேர்ந்து இரும்பு எடுக்கறதுக்கு வெறும் சூடு பத்தாது. ஹைட்ரஜன்னு ஒரு வாயு அந்த வேலைய செய்யும். ஆனா அதை நம்ம நாட்டுல பெட்ரோலிய எண்ணெயிலேர்ந்துதான் எடுக்கறாங்க. தண்ணியிலேர்ந்து எடுக்கலாம்னா மலை மாதிரி கரண்டு வேணும். ராய்ச்சூர்லேர்ந்து வர்ற கரண்டு எதுல எரியுது? நிலக்கரியில."

"எந்தக் கதவைத் தொறந்தாலும் உள்ள அதேதான் ஒக்காந்துக்கினு கீது," என்றான் தங்கவேலு.

கமிட்டி முறையாக எழுதிக் கொடுத்தது: பரிசோதனை வெற்றி, உற்பத்திக்கு ஏற்றதல்ல. கல்லூரிக்கு அது நல்ல அறிக்கை. அதைக் கேட்ட ஏழு பேருக்கு அதன் அர்த்தம் என்னவென்று யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

கார் போன பிறகும் ஆறு பேரும் நின்றிருந்தார்கள். பர்னபாஸ் தங்கவேலுவைப் பக்கத்தில் வரச் சொன்னார். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு எடுத்தார். அவசரப்படுத்தாமல் நின்றேன்.

"அந்த வாட்ச்மேன் வேலை... இன்னும் கீதா?"

"அது அப்பவே வேற ஆளுக்குப் போயிடுச்சிணா."

"வேற எதுனா... பாரு. நாளைக்கே போ. எல்லாரும் போங்க."

"உன்னை நம்பித்தானேணா இருந்தோம்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆமா," என்றார் பர்னபாஸ். "தப்பு பண்ணிட்டேன்."

ஒரே வாரத்தில் ஆறு பேரும் கிளம்பினார்கள். மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு விடிகாலை ரயில், கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டும்போதே நிற்க இடமிருக்காது. அந்தப் பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தையும் மொத்தமாக மூடினார்கள். இன்னும் ஆயிரக்கணக்கான ஆட்கள் அதே வண்டியில் அதே மாதிரி வேலை தேடிப் போனார்கள். முதலிலேயே போயிருந்தால் தங்கவேலுவுக்கு ஒரு நல்ல வேலை இருந்திருக்கும். இப்போது கூட்டத்தோடு போனதால், ஒரு கிடங்கில் பன்னிரண்டு மணி நேரக் காவல்தான் கிடைத்தது. வாரத்தில் ஏழு நாளும்.

பர்னபாஸ் அதன் பிறகு இரும்பைப் பற்றிப் பேசவில்லை. எந்த வண்டியில் யார் வந்தார்கள், யாருக்கு வேலை நிலைத்தது என்று பிலோமினாவிடம் கேட்பார். அவள் தெரிந்ததைச் சொல்வாள். தெரியாததையும் நல்லபடியாகவே சொல்வாள். நான் அதில் தலையிடவில்லை. ஏப்ரல் மாதம், குருத்தோலை ஞாயிற்றுக்கு இரண்டு நாள் முன்னால், காலை பத்து மணிக்கு உட்கார்ந்தபடியே போய்விட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். கடைசி ஒரு மணி நேரம் கஷ்டம்தான். கஷ்டமில்லாமல் போனார் என்று எழுத மாட்டேன்.

பெட்டி தூக்க டிரில் ஷாப் ஆட்கள் வர வேண்டும். தங்கவேலுவுக்கு லீவு கொடுக்கவில்லை. இருவர் வந்தார்கள். மீதிக்கு எதிர்வீட்டுக்காரரும் உதயும் தோள் கொடுத்தார்கள். முப்பத்தெட்டு கிலோ உடம்பு; பெட்டியின் கனம்தான் அதிகம்.

அடக்கம் முடிந்து ஸ்டேஷன் வரை உதய் என்னோடு நடந்து வந்தான். கல்லூரியில் அவனுக்குப் பதவி உயர்ந்திருந்தது. அந்த அறிக்கையால்தான். அதை அவனே சொன்னான். சொல்லாமல் இருக்க முடியவில்லை போலிருக்கிறது. தண்டவாளம் தெரிகிற இடத்தில் நின்றான்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். நான் அன்னைக்கு அவர் வீட்டுக்கு வராம இருந்திருந்தா?"

இந்த மாதிரிக் கேட்கிறவர்களுக்கு என்ன பதில் வேண்டும் என்று எனக்குத் தெரியும். வார்டில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள்.

"இன்னும் ரெண்டு மூணு வருஷம் இருந்திருப்பார்," என்றேன். "தங்கவேலுவும் இன்னைக்கு அந்த அடுக்குமாடியில இருந்திருப்பான். அவர் போறப்ப லீவு போட்டு வந்திருப்பான்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நல்லதுக்குத்தானே செய்தேன் என்று சொல்ல வந்திருக்கலாம். அது உண்மைதான். நிலக்கரிப் புகை பற்றி அவன் சொன்னதும் உண்மையாகத்தான் இருக்கும். அதற்கு வழி அவனிடமும் இல்லை, கமிட்டியிடமும் இல்லை, எங்களிடம் நிச்சயமாக இல்லை.

வண்டி வரும் சத்தம் கேட்டது. அடுத்த வண்டி சாயங்காலம்தான். ஓடிப்போய் ஏறு என்றேன். ஏறினான்.